அண்ணன் போடாத கையெழுத்து

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் அந்தத் தாளை வாங்கி முதல் மூன்று வரிகளைப் படித்தான். பிறகு அதை நான்காக மடித்து என் தட்டில் சோற்றின் மேல் போட்டான்.

"இதுல என் கையெழுத்து வேணும்னா, நான் செத்தப்புறம் கட்டை வெரலப் புடிச்சி உருட்டிக்கடி" என்றான்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பித்திருந்தேன். சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பாக்கி இருந்தது முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஒன்றுதான். டிகிரி வாங்கியவர்களே இல்லாத வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படிக்கப் போகிறவர்களுக்கு அரசாங்கம் படிப்புக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளும். அந்தச் சான்றிதழுக்கு, "எங்கள் குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் கூட்டாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று இ-சேவை மையத்துக்காரர் சொல்லி, ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்திருந்தார். என் சோற்றின் மேல் கிடந்தது அந்தத் தாள்தான்.

எங்கள் வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை என்பது சத்தியமான உண்மை. அப்பா எட்டாவது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வேலை. அம்மா ஐந்தாவது. அண்ணன் நான்கு வருஷம் இன்ஜினியரிங் காலேஜுக்குப் போய் வந்தவன். போய் வந்தான், அவ்வளவுதான். அண்ணாகிராமம் பக்கம் அம்மாவுக்கு வந்த முந்திரித் தோப்பை விற்று மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்த்தார்கள். அதனால் அவன் பேரில் எந்தச் சலுகையும் வாங்கவில்லை. பதினோரு அரியரோடு வெளியே வந்தான்.

ஆனால் எங்கள் தெருவில் அவன் இன்ஜினியர். ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு அவன் வந்து இறங்கிய அன்று எதிர்வீட்டு அத்தை, "படிப்பு முடிஞ்சிடிச்சா?" என்று கேட்டாள். "முடிஞ்சிடிச்சி" என்றாள் அம்மா. அந்த ஒரு வார்த்தையிலிருந்து வளர்ந்ததுதான் எல்லாம். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து ட்ரம் உருட்டினான். காலையில் அயர்ன் பண்ணின சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகக் கிளம்புவான். வேலைக்குப் போடுகிற துணி பைக்குள் இருக்கும். அந்தத் துணியை அம்மா வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப்போட்டாள்.

நானும் யோக்கியம் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷம் தை மாதம் பெண்ணாடத்தில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா சர்க்கரை ஆலையில் வேலை செய்தார். பெண் பி.எஸ்சி. கணக்கு. காபி கொடுத்து முடித்ததும் அவள் என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். ஆலையிலிருந்து பாகு புளித்த வாடை வந்தது. துவைக்கிற கல்லில் என்னை உட்கார வைத்து மெதுவாகக் கேட்டாள்.

"உங்க அண்ணன் எல்லா பேப்பரும் க்ளியர் பண்ணிட்டாரா? எங்க பெரியப்பா பொண்ண ஒருத்தர் இப்படித்தான் இன்ஜினியர்னு சொல்லிக் கட்டிக்கிட்டாரு. அப்புறம் பார்த்தா ஒன்னுமே முடிக்கல. அதான் கேக்குறேன். தப்பா நெனைக்காத."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஃபர்ஸ்ட் கிளாஸ், அண்ணி" என்றேன். இப்படிச் சொல் என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு பப்ளிக் எக்ஸாம் முடிகிற வரைக்கும் அவள்தான் எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தாள். தொகை நுண்கணிதத்தில் எனக்குப் புரியாத கணக்கைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அரை மணி நேரத்தில் சுத்தமான கையெழுத்தில் படிப்படியாகப் போட்டு அனுப்பிவிடுவாள். கணக்கில் நான் வாங்கிய மார்க்கில் பாதி அவளுடையது. நிச்சயதார்த்தம் முடிந்து ஆவணியில் கல்யாணம் என்று பேசியிருந்த நேரத்தில்தான் இந்தத் தாள் வீட்டுக்குள் வந்தது.

"டிகிரி இல்லன்னு நானே எழுதி கவர்மெண்டுக்குக் குடுக்கணுமா?" என்றான் அண்ணன். "நாளைக்கு பெண்ணாடத்துல தெரிஞ்சா?"

"ஆபீஸ்ல ஃபைலுக்குள்ள போற பேப்பர். யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"உனக்கு இன்னா, நீ படிச்சிட்டுப் போயிடுவ. அசிங்கப்படுறது நான்."

அம்மா தட்டிலிருந்து அந்தத் தாளை எடுத்துத் துடைத்தாள். என் பக்கம் பேசப் போகிறாள் என்று ஒரு நொடி நம்பினேன். "இந்த வருஷம் இங்கியே ஆர்ட்ஸ் காலேஜ்ல சேந்துக்கடி. அவன் கல்யாணத்துல குறுக்க நிக்காத" என்றாள். அப்பாவைப் பார்த்தேன். "சர்டிபிகேட் வந்தா அனுப்புறேன். வரலன்னா என்னால முடியாது" என்றார். அவர் எப்போதும் இப்படித்தான். கதவைத் திறந்தும் வைக்க மாட்டார், சாத்தவும் மாட்டார்.

மறுநாள் இ-சேவை மையத்துக்குத் திரும்பவும் போனேன். அண்ணன் கையெழுத்து இல்லாமல் முடியாதா என்று கேட்டேன். அப்பா அம்மா கையெழுத்தை வைத்துப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் வி.ஏ.ஓ. ஆபீஸிலிருந்து விசாரணைக்கு வருவார்கள் என்றார். வேறு தாள் வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பா படிக்காமலே போட்டார். அம்மாவிடம், "இருப்பிடச் சான்றுக்கு" என்று பொய் சொல்லி வாங்கினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள்தான். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, நான் அவசரப்படுத்தினேன், போட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

நான்கு நாள் கழித்துத் தலையாரி மொபெட்டில் வந்தார். வி.ஏ.ஓ.வுக்காகத் தெருவில் விசாரிக்கிற ஆள். அம்மா குழாயடியில் இருந்தாள். கூட ஐந்தாறு பெண்கள். நான் உள்ளே இருந்தேன். ஜன்னல் வழியாகக் கேட்டது.

"வூட்டுல யாராவது டிகிரி முடிச்சிருக்காங்களாம்மா?"

அம்மா குடத்தை நகர்த்தி வைத்தாள். எதிர்வீட்டு அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க பெரியவன் இன்ஜினியருங்க" என்றாள் அம்மா.

நான் ஓடி வருவதற்குள் மொபெட் தெரு முனை திரும்பிவிட்டது. மறுநாள் என் போனுக்கு மெசேஜ் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அம்மாவிடம் போனைக் காட்டினேன்.

"எதுக்கு கேக்குறாங்கன்னு எனக்கு இன்னாடி தெரியும்? நீதான் எங்கிட்ட மறைச்சி கையெழுத்து வாங்கின" என்றாள். அது சரிதான். சரியாக இருந்ததால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. "தெரிஞ்சிருந்தா மட்டும் வேற சொல்லியிருப்பியா?" என்று கத்தினேன்.

சான்றிதழ் ஏற்றக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருந்தது. தனியாக வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போனேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"உங்கம்மாவே சொல்றாங்க இன்ஜினியருன்னு. நீ வந்து இல்லங்குற. மொதல்ல வூட்டுல எல்லாரும் உக்காந்து ஒரே பேச்சா பேசிட்டு வாங்க."

"அண்ணன் முடிக்கல சார். நெறைய அரியர் இருக்குது."

"அப்ப அவனக் கூட்டியா."

"வர மாட்டாரு சார்."

"அப்ப அவன் மார்க் ஷீட் எடுத்துகினு வா. பொய் சொல்லி வாங்கினன்னு தெரிஞ்சிது, கேஸ் ஆயிடும். காலேஜும் போவும், எல்லாம் போவும். புரியுதா?"

அண்ணனின் ஃபைல் பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தது. அவன் ஷிப்டில் இருந்தபோது, அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து எடுத்தேன். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டாம் செமஸ்டர் கணக்குப் பேப்பரை நான்கு தடவை எழுதியிருந்தான். நான்காவது தடவை மூன்று மார்க் குறைந்து போயிருந்தது. இதை எழுதும்போது அந்த மூன்று மார்க் என்னை என்னவோ செய்கிறது. அன்று எதுவும் செய்யவில்லை. கேட்ட காகிதம் கிடைத்துவிட்டது என்றுதான் இருந்தது. துப்பட்டாவுக்குள் வைத்து எடுத்துப் போய் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு, மூலத்தைத் திரும்ப அதே மடிப்பில் வைத்துவிட்டேன்.

வி.ஏ.ஓ. தாள்களைப் புரட்டினார். பக்கத்து நாற்காலியில் தலையாரி. இரண்டாவது தாளிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார் வி.ஏ.ஓ.

"இந்தா பாரு" என்று தலையாரியிடம் நீட்டினார். "இதுல ஃபெயிலானத விட்டுட்டு பாஸானத எண்ணு. அதான் சுலபம். இவருதான் இன்ஜினியராம்."

இருவரும் சிரித்தார்கள். "சிரிக்காதீங்க சார்" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பின்ன எதுக்கும்மா எடுத்தாந்து காட்டுற?"

தாள்களை வரிசைப்படி அடுக்கி அவர் மேஜையில் வைத்தேன்.

அப்பா அம்மா கையெழுத்துப் போட்ட அதே தாளை வைத்துப் புதிதாக விண்ணப்பம் போட்டேன். முதல் விசாரணை தப்பாகிவிட்டதால் இந்த முறை வி.ஏ.ஓ.வே தெருவுக்கு வந்தார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எங்கள் வாசலில் நின்றுகொண்டு, எதிர்வீட்டு அத்தையையும் தெரு முனைக் கடைக்காரரையும் கூப்பிட்டு, நாடகத்தில் வசனம் சொல்வது போல உரக்கப் படித்தார்.

"இந்த வூட்டு மூத்த பையன் பட்டப்படிப்பு முடிக்கல. குடும்பத்துல வேற பட்டதாரியும் இல்ல. தெரியும்னா போடுங்க."

"எங்களுக்கு எப்படி சார் தெரியும்? இன்ஜினியருன்னுல்ல சொன்னாங்க?" என்றாள் எதிர்வீட்டு அத்தை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவசரமே இல்லை அவளுக்கு. வி.ஏ.ஓ. ஜெராக்ஸ் தாள்களைக் காட்டினார். அவள் கண்ணாடியை எடுத்து வரச் சொல்லி, போட்டுக்கொண்டு, நிதானமாகப் பார்த்து, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்தபோது தெரு முனைக் கடையிலேயே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தான். அடிக்கப் போகிறான் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அடிக்கவில்லை. பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்து எல்லாத் தாளையும் என் காலடியில் கொட்டினான்.

"எடுத்துக்க. தெருவுல ஒட்டு. பஸ் ஸ்டாண்டுல ஒட்டு."

"எனக்கு வேற வழி இல்ல."

"நாலு வருஷம் அங்க நான் இன்னா பட்டன்னு ஒரு நாள் கேட்டியா நீ? தமிழ் மீடியத்துல படிச்சிட்டுப் போயி, வாத்தியாரு பேசுறது ஒன்னுகூட புரியாம, கடைசி பெஞ்சுல குந்திகினு..."

"கேட்டிருந்தா எங்கிட்டயும் பொய்தான் சொல்லியிருப்ப" என்றேன்.

அம்மா குறுக்கே வந்து என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "போதும்டி. உனக்கு வேணும்ங்கறது கெடச்சிடுச்சில்ல?"

அன்றிலிருந்து அண்ணன் என்னிடம் பேசவில்லை. அம்மா பேசினாள். சாப்பிடு, குளி, விளக்கைப் போடு. அதற்கு மேல் இல்லை.

சான்றிதழ் கடைசித் தேதிக்கு முந்தின நாள் வந்தது. கவுன்சிலிங்கில் சிதம்பரத்தில் ஒரு காலேஜ் கிடைத்தது. எலக்ட்ரிகல். சேருவதற்கு அப்பா கூட வந்தார். முதுநகரில் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் நான், பக்கத்தில் மடியில் பையோடு அப்பா. புதுச்சத்திரம் தாண்டியதும் போன் அடித்தது. பெண்ணாடத்து அண்ணி.

எடுத்தேன். நலம் விசாரிக்கவில்லை அவள்.

"ஒரு விஷயம் கேக்கணும். உங்க அண்ணன் டிகிரி முடிச்சாரா இல்லையா?"

அப்பாவுக்குக் கேட்டது. தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இல்ல அண்ணி."

"அப்ப அன்னைக்கு ஏன் ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொன்ன?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என் கையைப் புடிச்சிக்கிட்டு சொன்னியே. நான் உங்க வூட்டுல வேற யாரையும் கேக்கல, உன்ன மட்டும்தான் கேட்டேன். படிக்கிற பொண்ணு, பொய் சொல்லாதுன்னு நெனச்சேன்."

"மன்னிச்சிக்குங்க அண்ணி."

"அண்ணின்னு கூப்பிடாத. அவரு ட்ரம் உருட்டுறாருன்னு எங்கப்பா உங்க தெருவுல விசாரிச்சிட்டு வந்து சொன்னாரு. அது எனக்குப் பெருசாப் படல. அத மறைக்க ஒரு குடும்பமே சேந்து நின்னீங்க பாரு, அதத்தான் தாங்க முடியல. நீ மட்டும் உனக்குத் தேவைன்னதும் உண்மைய எடுத்து வெளிய வெச்சிட்ட. எனக்குத் தேவைப்பட்டப்ப வெக்கலல்ல?"

போனை வைத்துவிட்டாள். அந்த நம்பருக்கு நான் அப்புறம் அடித்துப் பார்த்தேன், போகவில்லை.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றார் அப்பா, முன்சீட்டைப் பார்த்துக்கொண்டு. பஸ் சிதம்பரம் போய்ச் சேரும்வரை அவர் பேசியது அந்த ஒன்றுதான். எனக்கு அவர் மேல் வந்த கோபம் அண்ணன் மேல்கூட வந்ததில்லை. அண்ணனாவது முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னான். இவர் எல்லாம் தெரிந்து, எதற்கும் வாய் திறக்காமல், கடைசியில் எனக்குப் பொய் சொல்லக் கற்றுக் கொடுக்கிறார்.

காலேஜ் அலுவலகத்தில் நீண்ட வரிசை. மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் சான்றிதழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முதல் பட்டதாரியா?" என்று சலிப்பாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "ஆமாங்க. எங்க வூட்டுல இதுதாங்க மொதல்ல." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். நான் அவரிடமிருந்து ஒரு அடி தள்ளி நின்றேன்.

பெண்ணாடத்துச் சம்பந்தம் முறிந்தது. நான் ஹாஸ்டலில் இருந்த இரண்டாவது வருஷம் அண்ணனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அங்கே அவன் படிப்பைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. அவன் இப்போது அதே கம்பெனியில் சூப்பர்வைசர். உழைத்து வந்தான், அதில் பொய் இல்லை. கல்யாணத்துக்கு நான் போனேன். தாலி கட்டி முடித்து எல்லார் காலிலும் விழுந்து எழுந்தவன், நான் நின்ற இடத்தைத் தாண்டிப் போனான். புது அண்ணிதான் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பண்டிகைக்கு நான் வீட்டுக்குப் போனால், நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அவன் உட்காருவான். பிள்ளைகள் பிறந்த பிறகும் அது மாறவில்லை.

நான் எல்லாப் பேப்பரையும் ஒரே தடவையில் முடித்தேன். அப்படி முடித்ததில் பாதி வெறி. பதினோரு அரியரை யாரோ என் முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டே இருப்பது போல இருக்கும் எனக்கு. பட்டமளிப்பு முடிந்து சுருட்டிய சான்றிதழோடு முதுநகருக்கு வந்த அன்று, அம்மா வாசலில் கோலம் போட்ட இடத்திலேயே நின்று எதிர்வீட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"எம் பொண்ணு இன்ஜினியரிங் முடிச்சிட்டா."

எதிர்வீட்டு அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"இதாவது நெஜமா?" என்றாள்.

அம்மா வேகமாக உள்ளே வந்தாள். முகம் கறுத்திருந்தது. நான் பையைக்கூட இன்னும் இறக்கி வைத்திருக்கவில்லை.

"அந்த சர்டிபிகேட்ட எடு" என்றாள். "அவ மூஞ்சியில காட்டிட்டு வந்துடுறேன்."

"வேலையப் பாரும்மா" என்றேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். நான் எடுத்துத் தரவில்லை.